பல்லும் எலும்பும் ஒரே சரக்கு

கீரனூர்
12.6.2023

அண்ணிக்கு,

சுடர்விழி எழுதுகிறேன். கவரின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்தும் பிரித்தீர்கள் என்றால் அதற்கே முதலில் நன்றி.

உங்கள் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதில் தப்பில்லை. அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால், "அவகிட்ட ஒன் பேச்சை எடுத்தாலே மொகத்தைத் திருப்பிக்கிறா, என்னை விட்ரு தங்கச்சி" என்கிறார். அதனால்தான் கடிதம். ஸ்கூலை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் திருச்சி ஆஸ்பத்திரி லேப்புக்குப் போன வாரம் ஒரு பெண்ணின் ரத்தம் வந்தது. வயது நாற்பது. கால்சியம் சரியாக இருந்தது. பாஸ்பேட் மட்டும் ஒன்று புள்ளி ஒன்று. குறைந்தது இரண்டரையாவது இருக்க வேண்டும். மிஷினில் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். அதே ஒன்று புள்ளி ஒன்று. டாக்டருக்குப் போன் போட்டதும் அவரே கீழே இறங்கி வந்துவிட்டார். பேப்பரைப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவை வீட்டுல ஆறு வருஷமா சோம்பேறின்னு சொல்லிட்டிருக்காங்க. எலும்பு பூரா விரிசல்" என்றார்.

அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். எழுந்தபோது இரண்டு கையாலும் தொடையை அழுத்தி, தானே தன்னைத் தூக்கிவிட்டுக்கொள்வது போல எழுந்தார். நடந்தபோது வாத்து போல இரண்டு பக்கமும் சாய்ந்தார்.

அண்ணி, அது உங்கள் நடை.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை. பாஸ்பேட் மட்டும் போதும். ஒருவேளை ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று தெரியாததால் அதைக் கேட்கவில்லை.

சுடர்விழி

*

மேட்டுப்பட்டி
29.6.2023

சுடர்விழி அவர்களுக்கு,

கிழித்துப் போடத்தான் நினைத்தேன். அழகிதான் கையில் இருந்து பிடுங்கி, "அத்தை என்னமோ எழுதியிருக்காங்கம்மா, படிச்சுட்டுக் கிழி" என்றாள். பதிமூன்று வயதில் என்னைவிட விவரமாக இருக்கிறாள்.

நீங்கள் சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. 2019 பொங்கல். வாசலில் உங்கள் சொந்தக்காரர்கள் பதினெட்டுப் பேர். உங்கள் அம்மா பானையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, கரும்பு மட்டும்தான் பிடித்தது. அப்போது நீங்கள் சொன்னது இதுதான்:

"பல்லும் எலும்பும் ஒரே சரக்குதான் அண்ணி. நான் தெனம் லேப்புல பாக்குறவ. கரும்பை இந்தக் கடி கடிக்கிற ஆளுக்கு எலும்புல என்ன வலி? ஒடம்பு வணங்கலைன்னு சொல்லுங்க, முடிஞ்சுபோச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அண்ணனும் சிரித்தார். நான்கு வருஷம் ஐந்து மாதம் ஆகிறது.

அன்றைக்கு எனக்கு விலா எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. அது பங்குனியில் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது. இருமினதில் விட்டுப்போனது. அதற்கும், "எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டு இருப்பா" என்றுதான் பேச்சு. அப்புறம் கால்சியம் மாத்திரை. நாலு வருஷமாக வெள்ளை வெள்ளையாக முழுங்குகிறேன். மூட்டு டாக்டர், நரம்பு டாக்டர், கடைசியில் மனநல டாக்டர் வரைக்கும் போய் வந்தாயிற்று. அந்தக் கடைசி டாக்டர் மட்டும்தான் என்னைப் பாதியில் நிறுத்தாமல் பேசவிட்டார்.

ரத்தம் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பல் இன்றைக்கும் கல் மாதிரிதான் இருக்கிறது. ஒன்றுகூட ஆடவில்லை. நீங்கள் அன்றைக்குச் சொன்னது பொய்யென்றால், பல்லுக்கு ஒன்றும் ஆகாமல் எலும்பு மட்டும் எப்படிக் கெட்டது? நானே பல நாள் படுத்துக்கொண்டு இதை யோசித்திருக்கிறேன். ஒருவேளை நான்தான் நடிக்கிறேனோ, எனக்கே தெரியாமல் நடிக்கிறேனோ என்றுகூட.

பரிமளா

*

கீரனூர்
4.7.2023

அண்ணிக்கு,

நீங்கள் நடிக்கவில்லை. இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

நான் அன்றைக்குச் சொன்னதில் பாதி உண்மை. அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துத்தான் உங்களைப் பதினெட்டுப் பேர் முன்னால் அடித்தேன். பல்லிலும் எலும்பிலும் இருப்பது ஒரே தாதுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உறைந்த படிகம். ஆனால் பல்லின் மேலே இருக்கிற எனாமல் சின்ன வயதிலேயே கட்டி முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதில் உயிருள்ள செல் எதுவும் கிடையாது. ரத்தத்தில் என்ன குறைந்தாலும் பல்லுக்குத் தெரியாது. நீங்கள் பிள்ளையாக இருந்தபோது உங்கள் உடம்பு நன்றாக இருந்தது என்பதற்குத்தான் அந்தப் பல் சாட்சி. இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

எலும்பு அப்படி இல்லை. தினமும் கொஞ்சம் கரையும், தினமும் கொஞ்சம் கட்டும். பத்து வருடத்தில் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடும் புதுசாகிவிடும் என்கிறார் டாக்டர். கட்டுவதற்கு இரண்டு பொருளும் ஒன்றாக வேண்டும். வீடு கட்டும்போது சிமெண்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கினாலும் மணல் இல்லாமல் பூச முடியாதே, அந்த மாதிரி. உங்களுக்கு எல்லாரும் கால்சியமாகக் கொடுத்தார்கள். பாஸ்பேட் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. எலும்பு உள்ளே கட்டாமல், இளசாகவே நின்றிருக்கலாம். இளசாக இருக்கிற எலும்பு வலிக்கும், வளையும், இருமினாலும் விட்டுப்போகும்.

இதெல்லாம் எனக்குப் போன மாதம் வரை சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளும் இடத்தில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட, "அண்ணி, கொஞ்சம் ரத்தம் எடுத்துத் தாங்க, நான் பாக்குறேன்" என்று கேட்டதில்லை. அம்மா குடம் தூக்குவது மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

புதுக்கோட்டையில் எங்கே கொடுக்கலாம் என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை மட்டும் வைத்திருங்கள்.

சுடர்விழி

*

மேட்டுப்பட்டி
11.8.2023

சுடருக்கு,

ஒன்று புள்ளி இரண்டு.

பேப்பரில் அந்த நம்பருக்குப் பக்கத்தில் கீழே போகிற அம்புக்குறி போட்டிருந்தது. லேப் வாசலிலேயே உன் அண்ணனிடம் காட்டினேன். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்த மனுஷன் ரோட்டில் நின்றுகொண்டு, அத்தனை பஸ் போகிற இடத்தில், "பரிமளம், நான் சிரிச்சேன்ல அன்னைக்கு" என்றார். நான் பேப்பரை அவர் கையில் இருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

உனக்கு ஒன்று தெரியுமா? எனக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. பைத்தியம் என்பார்கள். ஒரு பேப்பரில், ஒரு நம்பரில், என் வலி அச்சடித்து வந்திருக்கிறது. ஆட்டோவில் வரும்போது அதை நாலாக மடித்துக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

நீ சொன்ன உன் ஆஸ்பத்திரி டாக்டரைப் போய்ப் பார்த்தோம். அன்றைக்கு நீ லீவு போட்டிருந்தாய் என்று அங்கே சொன்னார்கள். என் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் லீவு போட்டாய் என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும். தொடை எலும்பிலும் இரண்டு பக்கம் விரிசல் இருக்கிறதாம். மூத்திரத்தில்தான் அந்தச் சத்து எல்லாம் போகிறது, ஏன் போகிறது என்று கண்டுபிடிக்கச் சென்னைக்குப் போக வேண்டும், அங்கே உடம்பு முழுக்க எடுக்கிற ஒரு ஸ்கேன் இருக்கிறது என்றார். மூன்று வாரமோ நாலு வாரமோ ஆகலாமாம்.

அழகிக்குப் பரீட்சை வருகிறது. மாடு இரண்டு இருக்கிறது. உன் அம்மாவும் அந்தப் பொங்கலில் இருந்து உன்னோடுதான் இருக்கிறார்கள். என் பக்கத்தில் கேட்க ஆள் இல்லை.

கேட்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். வந்து இருப்பாயா?

போனில் உன் நம்பருக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. குரலைக் கேட்டால் திட்டுவேனோ அழுவேனோ தெரியாது. எழுது.

பரிமளா

*

மேட்டுப்பட்டி
20.9.2023

அண்ணிக்கு,

நேற்று வந்த அண்ணன் சாயங்கால ரயிலுக்குத் திரும்பக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அழகி நன்றாக இருக்கிறாள். கணக்கில் எண்பத்தொன்று. அறிவியலில் கேட்காதீர்கள், அவள் எழுதாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். கீரனூரில் என் வீட்டுக்காரர் தமிழ்செல்வன் தானே சமையல் செய்து சாப்பிடுகிறார், புகார் எதுவும் வரவில்லை. அம்மாவும் என்னோடு வந்திருக்கிறார். நான் கூப்பிடவில்லை. நான் பை கட்டுவதைப் பார்த்துவிட்டு அவரும் பை கட்டினார்.

அண்ணி, உங்கள் வீட்டில் பதினாறு நாளாக இருக்கிறேன். முதல் நாளே சிலதைப் பார்த்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே இத்தனை நாள் போய்விட்டது.

உங்கள் கட்டில் காலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. நடுவில் இரண்டு முடிச்சு. அதைப் பிடித்து இழுத்துத்தான் தினமும் எழுந்திருக்கிறீர்கள் என்று அழகி சொன்னாள். முடிச்சு இருக்கிற இடம் கறுத்துப்போய் வழவழவென்று இருக்கிறது. அடுப்படியில் நீங்கள் எதையும் கீழே வைக்கவில்லை, மேலேயும் வைக்கவில்லை. உப்பு, புளி, அரிசி எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஒரே பலகையில். குனியவும் முடியாது, கையைத் தூக்கவும் முடியாது என்பதால். கட்டிலில் இருந்து கொல்லைக் கதவு வரைக்கும் சுவரில் ஒரே உயரத்தில் கை அழுக்கு ஓடுகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வைக்கலாமா என்று கேட்டார். நான், "அண்ணி வந்து சொல்லட்டும்மா" என்றேன். அம்மா அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டே கதவு வரைக்கும் நடந்து பார்த்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு நீங்கள் மூன்று வேளை சமைத்திருக்கிறீர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் உடம்பு வணங்கவில்லை என்று சொன்னேன்.

முதல் கடிதத்தில் மன்னிப்பைக் கேட்காமல் விட்டேன். இப்போது கேட்கிறேன். உங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, நீங்கள் எழுந்து நின்ற இடத்தில் இருந்து கேட்கிறேன்.

சுடர்விழி

*

சென்னை
3.10.2023

சுடருக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

உன் கடிதத்தை உன் அண்ணன் கொண்டு வந்து கொடுத்தது ஸ்கேன் எடுத்த அன்றைக்கு. படித்தேன். பதில் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேள்.

என் இடது குதிங்காலில் ஒரு ஆணி இருக்கும், பார்த்திருப்பாய். இல்லை, நீ எங்கே என் காலைப் பார்த்தாய்! அழகி பால்வாடிக்குப் போன காலத்தில் இருந்து இருக்கிறது. பிளாஸ்திரி ஒட்டினேன், எருக்கம்பால் வைத்தேன், பிளேடால் சீவிக்கூடப் பார்த்தேன். இத்தனை டாக்டரிடம் போனேனே, ஒருத்தரிடமும் அதைக் காட்டவில்லை. எலும்பு வலிக்கும் கால் ஆணிக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்கேன் படத்தில் உடம்பு முழுக்க இருட்டாக இருக்கிறது. அந்தக் குதிங்காலில் மட்டும் ஒரு பொட்டு, விளக்கு ஏற்றி வைத்த மாதிரி. இங்கே இருக்கிற டாக்டரம்மா சின்ன வயசு. படத்தைத் திருப்பிக் காட்டி, "இது ஆணி இல்லக்கா. சின்னக் கட்டி. இதுல இருந்து ஒன்னு சுரக்குது. அது போய் ஒங்க கிட்னிகிட்ட, பாஸ்பேட்டை எல்லாம் வெளியில தள்ளுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. கிட்னியும் கேட்டுக்கிட்டே இருக்கு. இவ்வளவுதான் ஒங்க நோய்" என்றார்கள்.

"கேன்சரா டாக்டர்?" என்று உன் அண்ணன் கேட்டார்.

"இல்லைங்க. எடுத்துட்டா முடிஞ்சது."

எடுத்து ஆறு நாள் ஆகிறது. ஒரு புளியங்கொட்டை அளவுதான். பாட்டிலில் போட்டு என்னிடம் காட்டினார்கள். அதைப் பார்த்து எனக்குக் கோபமும் வரவில்லை. இத்தனூண்டு இருந்துகொண்டு எங்கள் குடும்பத்தையே ஆட்டி வைத்திருக்கிறதே என்று சிரிப்புதான் வந்தது. தினம் காலையில் ரத்தம் எடுக்கிறார்கள். ஒன்று மூன்று. ஒன்று ஏழு. இரண்டு ஒன்று. இன்றைக்குக் காலையில் இரண்டு புள்ளி ஒன்பது.

ரத்தம் எடுக்க வருகிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். பெயர் ஜெனிஷா, நம்ம ஆவூர்ப் பக்கம். ஊசி குத்தும்போது, "என் நாத்தனாரும் இந்த வேலைதான்மா பாக்குறா. அவதான் கண்டுபிடிச்சா" என்று சொன்னேன். வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, உன்னைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று.

அதுதான் உன் கடிதத்துக்குப் பதில்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல். அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல்.

பரிமளா

*

கீரனூர்
19.2.2024

அண்ணிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்து உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகும் எழுதுகிறேன். நேரில் பேச நினைத்ததில் பாதியைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

நீங்கள் பக்கத்து வீட்டு அமராவதி அக்காவிடம் என்னைக் காட்டி, "இவ இல்லேன்னா நான் படுக்கையிலயே போயிருப்பேன்" என்றீர்கள். நீங்கள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குத்துகிறது. என் பங்கு ஒரு கடிதம். அதுவும் இன்னொரு பெண்ணின் ரத்தம் என் மேஜைக்கு வந்ததால். அந்தப் பெண் வேறு லேப்புக்குப் போயிருந்தால் நான் இன்றைக்கும் உங்களைச் சோம்பேறி என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பேன். நன்றி சொல்ல வேண்டியது நான். எனக்குப் பதில் எழுதியதற்கு. அழகியை என்னை நம்பி விட்டதற்கு.

அந்தப் பெண்ணுக்கும் கட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவருக்கு முழங்காலுக்குப் பின்னால் இருந்ததாம். டாக்டர் சொன்னார். அவர் பெயரை நான் உங்களிடம் சொல்லக் கூடாது. உங்களைப் பற்றியும் அவரிடம் சொல்ல முடியாது. எனக்குத்தான் இரண்டு பேரையும் தெரியும். பஸ்ஸில் வரும்போது இதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

இப்போது லேப்பில் எலும்பு வலி என்று எழுதி வருகிற சீட்டில் பாஸ்பேட் கேட்காமல் இருந்தால், டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். சிலர் எரிச்சல் படுகிறார்கள். படட்டும்.

அடுத்த படம் எப்போது எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்?

சுடர்விழி

*

மேட்டுப்பட்டி
24.11.2024

சுடருக்கு,

உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு நவம்பரில் பதில் எழுதுகிறேன். இடையில் நீ பத்துத் தடவை வந்து போனாய், தினம் போனிலும் பேசுகிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று இருந்துவிட்டேன். ஆனால் இன்றைக்கு நடந்தது போனில் சொல்லக்கூடியது இல்லை. போனில் சொன்னால் நீ முதல் வார்த்தையிலேயே பதறிவிடுவாய், மீதியைக் கேட்க மாட்டாய்.

குத்துகிறது என்று எழுதியிருந்தாயே, குத்தட்டும். அன்றைக்கு அப்படிச் சொன்னதும் நீதான், பிறகு எழுதியதும் நீதான். இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டியது யார் என்ற சண்டையில் உன்னை ஜெயிக்க விடமாட்டேன்.

போன மாதம் எடுத்த படத்தில் தொடை விரிசல் இரண்டும் கூடிவிட்டது. முதுகெலும்பு அமுங்கியதில் குறைந்த உயரம் மட்டும் வராதாம். மூன்று அங்குலம். பழைய சுடிதார் எல்லாம் தரையைத் தொடுகிறது, அழகிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் என்னைவிட உயரமாகிவிட்டாள்.

கண்மாயில் தண்ணீர் வந்திருக்கிறது. இன்றைக்கு நம் மேலவயலில் நடவு. நான் வரப்பில் நாற்றுக்கட்டு எடுத்துக்கொண்டு போனேன். உன் அண்ணன், "நீ எதுக்கு வார, அங்கிட்டு நிழல்ல உக்காரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்கவில்லை. ராத்திரி மழையில் வரப்பு களிமண்ணாக இருந்தது. கால் வழுக்கிவிட்டது. லேசாக விழவில்லை. இடுப்பு பலமாக அடிபட, பக்கவாட்டில் விழுந்தேன்.

நடவு நட்டுக்கொண்டிருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். உன் அண்ணன் வயலின் நடுவில் சிலை மாதிரி நிற்கிறார்.

எலும்பு விடும்போது ஒரு சத்தம் கேட்கும் சுடர். வெளியில் கேட்காது, உடம்புக்குள் கேட்கும். காய்ந்த குச்சியை மிதித்த மாதிரி. எனக்கு அது நன்றாகத் தெரியும், எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சேற்றில் கிடந்தபடி கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தவளை கத்தியது. தண்ணீர் மடையில் ஓடுகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கையை ஊன்றினேன். முட்டியை மடக்கினேன். எழுந்து நின்றேன். யாரும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் உன் அண்ணன் ஓடி வந்தார். சேறு அப்பிய கையால் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா? எங்க வலிக்குது? சொல்லு பரிமளம், வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குதுதான்," என்றேன். "விழுந்தா எல்லாருக்கும் வலிக்குமே, அப்படி வலிக்குது."

பரிமளா